எழுதினால் போதாது

நம் சபைகளில் குறிப்பெடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. போதகர் பிரசங்க வசனத்தை அறிவித்ததும் பைகளிலிருந்து நோட்டுகள் வெளியே வந்துவிடும். மூன்று தலைப்புகளும் வரிசையாக ஏறும். அவற்றின் கீழே வசன எண்கள், ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இப்போது கைப்பேசியிலேயே குறித்துக்கொள்கிறவர்களும் உண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைப் புது டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டிவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் போன வருஷத்து நோட்டை எடுத்து வாசித்தவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், கை தூக்குகிறவர்கள் வெகு சிலராகவே இருப்பார்கள்.

கிறிஸ்தவ வாழ்க்கைக்கான பயிற்சிகள் என்றால் ஜெபம், உபவாசம், வேதவாசிப்பு என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978-ல் வெளியிட்ட நூலில் கற்றலையும் அந்த வரிசையில் சேர்த்தார். டொனால்ட் விட்னி 1991-ல் நாட்குறிப்புக்கும் கற்றலுக்கும் தனித்தனி அத்தியாயமே ஒதுக்கினார். இவை ஒன்றும் புதுச் சரக்கல்ல. உபாகமம் 17-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் ராஜாவுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. சிங்காசனம் ஏறியதும் நியாயப்பிரமாணத்தை அவன் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும். அதைப் பெட்டகத்தில் பூட்டிவைத்தால் ஆகாது. தன்னோடு வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். எழுதுவது ஒரு முறை, வாசிப்பது ஆயுள் முழுக்க. நம்மிடம் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1548-ல் போப் மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூலில் ஒரு சிறிய படம் உண்டு. கிடைக்கோடுகள், கோடுகளின் தலைப்பில் ஒவ்வொரு எழுத்து. ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய எழுத்து, அடுத்த நாட்களுக்குச் சிறியவை. தன்னிடமுள்ள ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கோபம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழும்போதே அதைக் குறித்து உஷாராக இருப்பதாகத் தீர்மானம். மதிய உணவுக்குப்பின், விடிந்ததிலிருந்து மணி மணியாக நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் மேல்கோட்டில் ஒரு புள்ளி. இரவு உணவுக்குப்பின் கீழ்க்கோட்டில் அதே வேலை. இதோடு முடியவில்லை. மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒப்பிட வேண்டும். நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தைகூட எழுதத் தேவையில்லாத நாட்குறிப்பு இது. அதன் பலன் முழுவதும் ஒப்பிடுவதில் இருக்கிறது. புள்ளி வைத்துவிட்டு மறந்துபோகிறவனுக்குக் காகிதம்தான் செலவு.

எழுதியதை உடலோடு சுமந்தவரும் உண்டு. பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பஸ்கால் 1654 நவம்பர் 23 இரவு ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை தமக்கு நேர்ந்த ஒரு தெய்வ அனுபவத்தை ஒரு தாளில் எழுதினார். பிறகு அதைத் தோல்தாளிலும் படியெடுத்தார். 1662-ல் அவர் இறந்த பிறகு, சட்டையின் உட்புறம் தடிப்பாக இருந்ததைக் கவனித்த வேலைக்காரர் தையலைப் பிரித்தபோது இரண்டும் கிடைத்தன. எட்டு வருஷமும் ஒரே சட்டையை அவர் போட்டிருக்க முடியாது. சட்டை மாறும்போதெல்லாம் பிரித்து எடுத்து அடுத்ததில் வைத்துத் தைத்திருக்க வேண்டும். யாரிடமும் அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இன்னும் சுவையானது. 1725-ல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது டைரி எழுதத் தொடங்கினார். சுருக்கெழுத்து, சங்கேதக் குறிகள், எண்கள் என்று பிறர் கண்ணுக்குப் புரியாதபடி எழுதினார். கொஞ்ச காலத்தில் மணிக்கொரு பதிவு என்றாகி, அந்தந்த மணி நேரத்தில் தம் பக்தி எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடும் அளவுக்குப் போனார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை, 1791 வரை, அந்தப் பழக்கம் விடவில்லை. மக்கள் வாசிப்பதற்காக அவர் அச்சிட்ட நாளேடு வேறு.

அந்த நாளேட்டில் ஓர் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியம் செய்து மனம் உடைந்து 1738-ல் இங்கிலாந்து திரும்பிய வெஸ்லி, மற்றவர்களை மனந்திருப்பப் போன தாமே இன்னும் மனந்திரும்பாதவர் என்ற பொருளில் எழுதி, அதை அச்சிலும் ஏற்றினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எழுபது வயதை எட்டியபோது தம் நூல்களைத் தொகுத்து வெளியிட்டார். அப்போது அந்த வரியை நீக்கவும் இல்லை, மெழுகவும் இல்லை. இது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை என்ற கருத்தில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தார். இளைஞர் வெஸ்லியின் கடுமையை முதியவர் வெஸ்லி தட்டிக்கேட்கிறார். ஒரு பக்கத்தில் இரண்டு வெஸ்லிகள். பழைய பக்கத்தை வாசிக்காதவருக்கு இந்த உரையாடல் வாய்க்காது.

ஆயர் அகஸ்டின் இதை இன்னும் பெரிய அளவில் செய்தார். எழுபது வயதைத் தாண்டியபின், 426, 427-ம் ஆண்டுகளில், அதுவரை தாம் எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, இங்கே அவசரப்பட்டேன், அங்கே இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு தனி நூலே எழுதினார். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் செய்தது இது. நம்மில் பலருக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய கடிதத்தை வாசிக்கவே கூச்சமாக இருக்கிறது.

பழைய பக்கத்தை எடுத்து வாசித்தால் மட்டும் வேறு கண் வந்துவிடுமா? வராது. அதற்கு இடையில் எதையாவது கற்றிருக்க வேண்டும். நாட்குறிப்புக்கும் கல்விக்கும் முடிச்சு விழுவது இங்கேதான். இதற்கு நல்ல சாட்சி தரங்கம்பாடியில் இருக்கிறது.

ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்க், டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய மிஷனெரியாக 1706 ஜூலை 9-ம் தேதி அங்கே கரையிறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைவு. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிறகு அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவரே ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை ஆறிலிருந்து ஏழு வரை ஞானோபதேசம் விளக்குதல். ஏழிலிருந்து எட்டு வரை, ஏற்கெனவே கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்த்தல். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை புதிய தமிழ் நூல்கள். பக்கத்தில் விளக்கம் சொல்ல ஓர் ஆசிரியர். அதுவரை கேட்டிராத ஒவ்வொரு சொல்லையும் எழுதிவைக்க ஓர் எழுத்தர். மதியம் வெயில் தாங்காமல் ஒரு மணி நேரம் ஓய்வு. மாலையில் மறுபடி நூல்கள், பிறகு ஜெபம். ஆறிலிருந்து ஏழு வரை அன்று நடந்தவற்றைச் சக ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுதல். ஏழு மணிக்கு மேல் விளக்கொளியில் கண்ணை வருத்தக்கூடாது என்பதால் வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த அட்டவணையில் புதுப்பாடத்துக்கு முன்னால் பழைய பாடம் வருகிறது. மாலையில் அன்றைய தினத்தின் கணக்கு வருகிறது. ஜெபமும் படிப்பும் தனித்தனி அறைகளில் இல்லை, அடுத்தடுத்த மணிகளில் இருக்கின்றன.

இத்தனை படிப்பும் அவரை என்ன செய்தது? வந்த புதிதில் இந்த மக்களுக்கு ஒழுங்கான மொழியோ முறையான வாழ்வோ கிடையாது என்று தாமும் எண்ணியதாகவும், மொழியைக் கற்று நூல்களை வாசித்த பிறகு அந்த எண்ணம் அடியோடு மாறியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். வந்து இரண்டே வருஷத்தில், 1708-ல், தாம் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு பட்டியல் தயாரித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி, மிஷனை ஆதரித்த ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷன் பணியை மேற்பார்த்த ஃபிராங்கேயோ, மிஷனெரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று சொல்லி ஒதுக்கிவைத்துவிட்டார். அந்நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார். அதற்கு அவர் தம் பழைய எண்ணத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 1715-ல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்தத் திருத்தத்தின் மேல் எழுந்தது. 36 வயதில், 1719-ல், அவர் இறந்துபோனார்.

பெரிய பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். டைரி என்று அவர் எதுவும் வைத்திருந்ததில்லை. சங்கீதங்களின் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவார், பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தை, அவ்வளவுதான். ஒரே சங்கீதத்தின் அருகே வெவ்வேறு வருஷத்துத் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேலே ‘தம்பி வேலை’. அதன்கீழ் ‘கிடைச்சாச்சு’. அதற்கும் கீழே, எழுத்து கோணலாகி, ‘தம்பி அடக்கம்’. எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டேன். “அப்ப என்ன கேட்டேன்னு மறந்து போகும்லா, அதுக்குத்தான்” என்றார். வேண்டுதலின் நினைவு இல்லாமல் நன்றி சொல்ல வழியில்லை என்பதை யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பிறருக்காக எழுதுவது. தரங்கம்பாடி மிஷனெரிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1710 முதல் ஹாலேயில் அச்சாகிப் புரவலர்களுக்குப் போயின. அச்சுக்கு முன் அங்கே உள்ளவர்கள் வெட்டியும் திருத்தியும் விட்டார்கள். நன்கொடை தருகிறவர் வாசிக்கப்போகும் டைரியில் தோல்வி குறைந்துபோவது இயல்பு. இன்று காலைத் தியானத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடும்போது நமக்கும் அதுதான் நடக்கிறது. எகிப்தின் துறவி அந்தோணியார் வேறு மாதிரி யோசித்தார். அத்தனாசியு எழுதிய வரலாற்றின்படி, செயல்களையும் எண்ணங்களையும் மற்றவர்களிடம் சொல்லப்போவதுபோல் எழுதிவைக்கும்படி சீடர்களிடம் சொன்னார். அந்த வெட்கமே பாவத்துக்கு வேலி என்பது அவர் கணக்கு. பார்வையாளர் உண்டு என்ற நினைப்பு ஒருவனை ஒப்பனைக்கும் தள்ளலாம், உண்மைக்கும் தள்ளலாம். யாருடைய பார்வை என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது ஆபத்து, தன்னையே நோண்டிக்கொண்டிருப்பது. மணிக்கு மணி மதிப்பெண் போட்ட இளம் வெஸ்லிக்கு நிம்மதி கிடைத்ததாகத் தெரியவில்லை. ஜார்ஜியாவுக்குப் போன கப்பலில் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்களோடு பேசவேண்டும் என்று ஜெர்மன் கற்கத் தொடங்கினார். புயலில் மற்றவர்கள் அலறியபோது அவர்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பிறகு ஜார்ஜியாவின் சவன்னாவில் யூதர்களோடு பேச ஸ்பானிஷ் கற்றார். அவருடைய டைரிக்கு வெளிக்காற்று வந்தது இந்த வழியாகத்தான். ‘நான், எனக்கு, என்’ என்றே நிரம்பும் நோட்டுக்குச் சிறந்த மருந்து, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் போய் மாணவனாக உட்காருவது. துறவி பெனடிக்ட் தம் மடத்து விதிகளில், லெந்து காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு சகோதரருக்கும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் தரவேண்டும், அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்கவேண்டும் என்று வைத்தார். நாற்பது நாளுக்கு இறைச்சியை விடுகிறவர்கள் ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. நான்கு வரி போதும்: இன்று என்ன கேட்டேன், எங்கே தவறினேன், எதைக் கற்றேன், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை புதிதாக எதையும் எழுதாமல், பழைய பக்கங்களை மட்டும் வாசியுங்கள். கையில் பேனா இருக்கட்டும். முன்பு எழுதியதை அழிக்க வேண்டாம்; இப்போது வேறுவிதமாகத் தோன்றினால் பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள். ஆறு மாதப் பக்கங்களைப் பார்த்தும் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை என்றால், அந்த ஆறு மாதத்தில் நாம் எதையும் கற்கவில்லை என்றுதான் பொருள்.