அண்ணன் சொன்ன பொய்

1956ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மவுண்டன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் போற்றுவோர் பலர் அதன் இறுதிக் காட்சியில் வந்து உருகி நிற்கின்றனர். இறந்துபோன தம்பியின் பெயர் கெடாதிருக்க, அண்ணன் தம்மையே திருடனாக்கிக்கொள்கிறார். இதனினும் மேலான அன்பு உண்டோ என்று கேட்கின்றனர். உண்டு என்பதே நம் மறுமொழி.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி த்ருவாயா 1952இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கிய படம் இது. இந்தியாவிலிருந்து வந்த விமானம் ஒன்று ஆல்ப்ஸ் மலையுச்சியில் மோதி நொறுங்குகிறது. விபத்தொன்றின் பின் மலையேறுவதையே விட்டுவிட்ட முதிய வழிகாட்டி ஸாக்கரி. பிணங்களின் உடைமைகளைச் சூறையாடத் துடிப்பவன் அவருடைய தம்பி கிறிஸ். தனியே போனால் அவன் மாண்டுவிடுவான் என்றெண்ணி அண்ணனும் உடன் செல்கிறார். சிதைவுகளுக்கிடையே ஓர் இந்தியப் பெண் உயிரோடிருக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்கிறான் தம்பி. அண்ணனோ அவளைச் சுமக்கிறார். எச்சரிக்கையை மீறிப் பனிப்பாலத்தில் கால்வைத்த தம்பி விழுந்து மடிகிறான். ஊர் திரும்பிய அண்ணன், "கொள்ளையடிக்கச் சென்றவன் நான், காப்பாற்ற வந்தவன் அவன்" என்ற பொருள்படச் சொல்கிறார்.

ஸ்பென்ஸர் டிரேசியின் நடிப்பையோ, நெஞ்சைப் பதறவைக்கும் மலையேற்றக் காட்சிகளையோ நாம் குறைகூறவில்லை. நம் வழக்கு அந்தப் பொய்யோடுதான். களவைக் கடிந்துரைக்கும் இப்படம், பொய்ச்சான்றுக்கு மாலை சூட்டுகிறது. தம்பியின் வாதம் என்ன? இறந்தவர்களுக்குப் பொன் எதற்கு, கேட்பார் யார் என்பது. அண்ணனின் வாதமும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. இறந்தவனைப் பற்றி எதைச் சொன்னால் என்ன, மறுப்பார் யார்? வாய் திறக்க இயலாத இறந்தவரிடமிருந்து ஒருவன் பொருளை எடுக்கிறான். மற்றவர் உண்மையை எடுக்கிறார்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா எனச் சிலர் கேட்கக்கூடும். குற்றமற்ற நன்மை என்பதன்றோ அவர் இட்ட நிபந்தனை! இங்கே விளைந்த நன்மை யாது? மீட்கப்பட்ட பெண், தன்னைச் சுமந்து வந்தவரைத் திருடர் என்று ஊர் பேசக் கேட்க வேண்டும். பேராசை மனிதனை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று அறிந்திருக்க வேண்டிய ஊர் இளைஞருக்கோ ஒரு கட்டுக்கதை கிடைக்கிறது. அதை எவர் நம்பினார், எவர் நம்பவில்லை என்பது வேறு கேள்வி.

தம்பியின் குற்றத்தைத் தெருவில் பறைசாற்றியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மௌனம் வேறு, பொய் வேறு. "என் தம்பி மலையில் இறந்துவிட்டான், அவனுக்காக மன்றாடுங்கள்" என்ற ஒரு சொல் போதாதா? இறந்தவருக்குப் பொய்ப்புகழ் தேடுவது அன்பாகத் தோன்றலாம். அவர் இருந்தபடியே அவரை ஏற்று, அவருக்காக இரக்கம் வேண்டுவதே மேலான அன்பு. பிறந்தநாள் முதல் அறிந்த தம்பியை அவனாகவே நேசிக்க இயலாமல், வேறொருவனைப் படைத்தல்லவா அந்த அண்ணன் நேசிக்கிறார்!

இக்கதைக்குத் தூண்டுதலாக இருந்த உண்மை நிகழ்ச்சியையும் எண்ணிப் பார்ப்போம். 1950 நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' மோன் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். பயணிகளுள் பெரும்பாலோர், கப்பலில் வேலையேற்கச் சென்றுகொண்டிருந்த இந்தியக் கடலோடிகள். எவரேனும் உயிரோடிருக்கக் கூடும் என்று மேலே விரைந்த மீட்புக் குழுவில் இருந்த ரெனே பாயோ என்னும் ஷாமொனி ஊர் வழிகாட்டி பனியில் உயிர்நீத்தார். அவருடைய பெயரைக் காக்க எவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1966 ஜனவரி 24 அன்று அதே மலையில் 'கஞ்சன்ஜங்கா' விமானம் மோதி, அறிவியலறிஞர் ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தனர். அவ்விமானத்தினுடையது என்று கருதப்படும் மரகதமும் நீலமும் கொண்ட பெட்டியொன்றை 2013இல் மலையேறிய ஓர் இளைஞர் பனியாற்றில் கண்டெடுத்தார். அவர் அதைத் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆயினும் அவர் அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். உரியவர் கண்டறியப்படாததால், 2021இல் அக்கற்கள் அவருக்கும் ஷாமொனி நகருக்கும் பாதிப்பாதியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. கிறிஸ் என்னும் பாத்திரத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமா?

புனைகதைக்குத் தன் வழியில் செல்ல உரிமை உண்டு. படத்தைப் பாருங்கள், அண்ணன் அப்பெண்ணைச் சுமந்து இறங்கும்போது கண் கலங்குங்கள். அவர் வாய் திறந்து பொய் சொல்லும்போது மட்டும் கைதட்டாதீர்கள். அவர் செய்த நற்செயலுக்கு அந்தப் பொய் தேவைப்படவில்லை.