நுரைமதுவும் ஜாஸ் இசையும்

புத்தாண்டுக்கு முந்திய இரவிலே, மேனாட்டு நகரங்களின் விருந்து மண்டபங்கள் பலவற்றிற் சாம்பெயின் என்னும் நுரைமதுவையும் ஜாஸ் என்னும் இசையையும் ஒருங்கே அளித்தல் வழக்கமாகியுள்ளது. எந்தப் பாட்டுக்கு எந்த மது பொருந்தும் என்று பட்டியல் வகுப்பாரும் உளர். மதுவை நாவாலும் தீண்டாத தமிழ்ப் பண்டிதனுக்கு இங்கே என்ன வேலை என்று நேயர்கள் நகைத்தல் கூடும். மதுவின் தீங்கை வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்திலே விரித்துரைத்துவிட்டார். கூறியது கூறல் குற்றம். என் வழக்கு இசையின் பொருட்டு. விருந்திலே இசையை மதுவுக்குத் தொடுகறியாக்குவது முறையாகுமா என்பதே என் வினா.

சுவையையும் ஒலியையும் இணைத்து நோக்குவதிற் பொருளில்லாமலில்லை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக உளநூலறிஞர் சார்ள்ஸ் ஸ்பென்சும் அவர்தங் குழுவினரும் நிகழ்த்திய சோதனைகளிலே, உயர்ந்த சுருதியை இனிப்போடும் தாழ்ந்த சுருதியைக் கைப்போடும் மக்கள் பொருத்திக் காட்டினர். ஆயினும் இது நாவின் கணக்கு. இவ்விரண்டின் உறவை அறிய விரும்புவோர் அவற்றின் பிறப்பையும் நோக்குதல் வேண்டும்.

சாம்பெயின் என்பது பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர். அங்கே திராட்சை மதுவைப் போத்தலில் வார்த்து, சீனியும் மதுவமும் சேர்த்து மூடுவர். உள்ளே மீண்டும் நொதித்தல் நிகழும். வெளியேற வழியற்ற காபனீரொட்சைட்டு மதுவிற் கரைய, அழுத்தம் 5 முதல் 6 வளிமண்டலம் வரை ஏறும். குறைந்தது 15 மாதங் கழிந்த பின்னரே அப்போத்தல் விற்பனைக்கு வரும். விருந்தினர் கண்டு மகிழும் நுரை, இருண்ட நிலவறையிலே நெடுநாள் அடைபட்டுக் கிடந்த மூச்சு.

ஜாசும் அடைபட்டோர் விட்ட மூச்சே. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆபிரிக்க அடிமைகள் ஞாயிறுதோறும் கொங்கோ சதுக்கத்திற் கூடி முரசறைந்து ஆடினர். அம்மரபில் வந்தோர் மேனாட்டு ஊதுகருவிகளையும் கைக்கொண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இப்புதிய இசையை ஆக்கினர். அந்நகரில் இறந்தோரை இடுகாட்டுக்குக் கொண்டு செல்கையிற் சோகப் பண் ஒலிக்கும். அடக்கஞ் செய்து மீள்கையில் ஆடற்பண் எழும். துயரின் மறுகரையிற் கண்ட களிப்பு அது.

இவ்விரண்டும் எதிர்ப்பட்ட இடம் ஒரு போர்க்களம். முதலாம் உலகப் போரிலே, வெள்ளையர் படையோடு நின்று பொர இடம் பெறாத 369ஆம் கறுப்பினக் காலாட்படையை அமெரிக்கா பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. 1918இல் அப்படை சாம்பெயின் போர்முனையிற் போரிட்டது. அதன் வாத்தியக் குழுத் தலைவர் ஜேம்ஸ் றீஸ் யூறோப், பிரெஞ்சு மக்களுக்கு இப்புதிய இசையை அறிமுகஞ் செய்தவர்களுள் முன்னிற்பவர். போர்முனையில் நச்சுவாயுவுக்கும் இலக்கானவர். பிரான்சு அப்படைக்கு வீரப் பதக்கம் வழங்கிற்று.

தாய்நாடு வழங்கியது யாது? நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே கொட்டன் கிளப் என்னும் இரவு விடுதி இருந்தது. 1927 முதல் டியூக் எலிங்டன் அங்கே தம் குழுவோடு வாசித்தார். நாட்டிலே மதுவிலக்குச் சட்டம் இருந்தது. விடுதியிலே மது ஓடிற்று. மேடையிற் கறுப்பினக் கலைஞர். கீழே வெள்ளையர் மட்டுமே. இசைத்தவரின் இனத்தார் விருந்தினராய் நுழைய இயலவில்லை. கலையை வேண்டிக் கலைஞனை விலக்கிய கூட்டு அது.

விருந்திலே மதுவும் இசையும் சேர்வது தமிழுக்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையிலே கரிகாலன் பொருநனுக்குப் பொற்கலத்தில் மது வார்ப்பித்தான். ஊனும் உடையும் தேரும் ஈந்தான். விடை தரும்போது ஏழடி அவன்பின் நடந்து சென்றான். அவ்வேழடியே விருந்துக்கு அழகு செய்தது. மது அங்கே கலைஞனுக்குச் செய்த உபசாரம்.

இன்று நான் காணும் விருந்துகளிலே அவ்வேழடி இல்லை. ஜாஸ் கலைஞன் மனோதர்மத்தால் அக்கணத்திலே புதிது படைப்பவன். நம் நாதசுர வித்துவான் இராகம் ஆலாபனை செய்வதுபோல. அவ்வேளையிற் கிண்ணங்கள் மோதுகின்றன, அரட்டை எழுகின்றது, அவன் பெயரைக் கேட்பாரில்லை. களிப்பு நாளிலே மௌனத்தை வேண்டுவது மிகை என்பர் சிலர். இரவு முழுவதையும் நான் வேண்டவில்லை. ஒரு பாட்டு முடியும்வரை கிண்ணத்தைக் கீழே வையுங்கள். கலைஞனின் பெயரறிந்து, நிறைந்த ஊதியமீந்து, உங்கள் பந்தியிலே இருத்தி விருந்தூட்டுங்கள். எந்த மதுவுக்கு எந்த இசை என்ற ஆராய்ச்சியை அதன் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.