ஹலால் பலகையோடு கடமை முடிந்துவிடுமா?

மருத்துவத்திற்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் பொன்னமராவதியிலிருந்து சென்னை செல்லும் நம் குடும்பங்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் தங்குவதுண்டு. வாலாஜா பள்ளிவாசலும் ஹலால் உணவகங்களும் அங்கே அருகருகே உள்ளன. அண்ணா சாலைக்கு வந்தால் 1951 முதல் இயங்கும் புகாரி ஹோட்டலும் உண்டு.

‘ஹலால்’ பலகையைக் கண்டதும் மனம் நிம்மதியடைகிறது. ஆனால், பல மேசைகளில் பாதிப் பிரியாணி தட்டிலேயே கிடக்கிறது. அறுத்த முறையை விசாரிப்போர் அளவைச் சிந்திப்பதில்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில்தான் (7:31) அல்லாஹ் விரயத்தையும் தடுத்துள்ளான். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்.

1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த முஸ்லிமல்லாத தொண்டர்கள் ரமளான் மாலைகளில் பல்லாண்டுகளாக இஃப்தார் உணவு பரிமாறி வருகின்றனர். அன்போடு வந்த அவ்வுணவில் ஒரு பருக்கையை வீணாக்கவும் நமக்கு மனம் வராது. காசு கொடுத்து வாங்கியதாலேயே கடைப் பிரியாணி இறைவனின் நிஃமத் இல்லையென்று ஆகிவிடுமா?

ஆகவே, மூவர் அமர்ந்தால் முதலில் இரண்டு பிரியாணி கேட்போம். போதாவிட்டால் பிறகு வாங்கிக்கொள்வோம். மிஞ்சியதைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்ல வெட்கம் வேண்டாம். பிள்ளைகள் நம் தட்டைப் பார்த்தே பழகுகின்றனர். அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக!