ஓசி வைஃபையும் ஒன்பது கேள்வியும் வேண்டாம், ஒரே கேள்வி போதும்

மக்களே, லாட்ஜுல ரூம் போடும்போது "சுடுதண்ணி வருமா?"ன்னு கேட்ட காலம் போயி, இப்ப மொத கேள்வியே "வைஃபை ஃப்ரீயா?"தான். "ஒரு நாளைக்கு 100 ரூபா தனி"ன்னு சொல்லிட்டா, "கொள்ளைக்காரனுங்க!"ன்னு பொங்குவோம். அதே 100 ரூபாயை வாடகையில ஏத்தி வச்சுட்டு "இலவச வைஃபை"ன்னு போர்டு மாட்டினா, சிரிச்சுக்கிட்டே கட்டிட்டு வருவோம். காசு போனா வலிக்கல, பில்லுல தெரிஞ்சாதான் வலிக்குது!

"ஃபேனுக்குத் தனியா காசு வாங்குறானா? வைஃபைக்கு மட்டும் என்ன?" இது நம்மாளுங்க வழக்கமா வீசுற பாயிண்ட். 1962-லேர்ந்து கரண்ட் தயாரிக்கிற நெய்வேலிக்காரன்கிட்டயே இதைச் சொல்றாங்க :-) அய்யா, கரண்ட் சும்மா வரல. பழுப்பு நிலக்கரியைத் தோண்டி, எரிச்சு வருது. அதுக்கு நிலத்தைக் கொடுத்துட்டுப் போன கிராமங்கள் இருக்கு. லாட்ஜுக்காரரும் யூனிட் கணக்குல கட்டி, உங்க வாடகையிலதான் அதை எடுக்கறார்.

இன்னொண்ணு. பக்கத்து ரூம்ல ஃபேன் சுத்தினா உங்க ஃபேன் மெதுவாகாது. வைஃபை அப்படியில்ல, இருக்குற ஒரு லைனை எல்லா ரூமுக்கும் பங்கு போடணும். பொட்டி தட்டிப் பொழைக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒருத்தர் ராத்திரி பூரா படமா இறக்கினா, பக்கத்து ரூம்ல ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உக்காந்திருக்குற பையன் பாதி பதில்ல உறைஞ்சு நிப்பான். அந்த வேலை அவனுக்குக் கிடைச்ச மாதிரிதான்! ரிசப்ஷன்ல கேட்டா, "ஃப்ரீதானே சார், அப்படித்தான் இருக்கும்"பாங்க. ஓசியில வாங்கினதுக்கு யார்கிட்ட போய் சண்டை போடுறது?

அதுக்காக ஓட்டல்காரங்களுக்கு வக்காலத்து வாங்கறேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல நாஷ்வில்ல ஒரு மேரியட் ஓட்டல், மாநாட்டுக்கு வந்தவங்களோட சொந்த ஹாட்ஸ்பாட்டை முடக்கிட்டு, தன்னோட வைஃபைக்கு ஒரு கருவிக்கு 250-லேர்ந்து 1,000 டாலர் வரை வாங்குச்சு. 2014-ல அந்நாட்டு தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டியதாச்சு. இது பகல் கொள்ளை, சந்தேகமே இல்ல.

நடுவுல ஒரு வழியை நம்ம ரயில்வே ஸ்டேஷனே காட்டியிருக்கு. 2021 மார்ச்சுல ரயில்டெல் அறிவிச்ச திட்டத்துல, மொத அரை மணி நேரம் 1 எம்பிபிஎஸ் வேகத்துல இலவசம். அதுக்கு மேல வேணும்னா ஒரு நாளைக்கு 10 ரூபாய்க்கு 5 ஜிபி, 34 எம்பிபிஎஸ் வேகத்துல. எது ஓசி, எது காசு, காசுக்கு என்ன கிடைக்கும்னு பளிச்சுனு சொல்லிட்டாங்க.

லாட்ஜுலயும் இதையே கேப்போம். மெயில் பாக்குற அளவுக்கு வாடகையோட, கூடுதல் வேகத்துக்குக் காசு. வேகம் எவ்வளவுன்னு ரேட் போர்டுல எழுதணும், அது வரலைன்னா பணத்தைத் திருப்பித் தரணும். அடுத்த தடவை "ஃப்ரீயா?"ன்னு கேக்காதீங்க மக்களே. "எவ்வளவு வேகம், எழுதித் தருவீங்களா?"ன்னு கேளுங்க!