சாமி வரம் கொடுத்தாலும்...

கனடா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பனி, மேப்பிள் இலை, கண்ணியமான மனிதர்கள். மனித உரிமை பற்றி உலகத்துக்கே வகுப்பெடுக்கும் நாடு அது. ஆனால் அந்த நாடு பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே தங்களைத் தாங்களே ஆண்டுவந்த மக்கள், இன்று தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் போட வேண்டுமென்றால், ஓட்டாவா அதிகாரிகளின் மேசைக்கு எதிரே வருடக்கணக்கில் உட்கார வேண்டும். இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'தன்னாட்சிக் கொள்கை'!

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1876-இல் 'இந்தியன் சட்டம்' வந்தது. (இந்தியாக்காரர்களுக்கான சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கொலம்பஸ் வழி தவறியதற்கு அந்த மக்கள் இன்றுவரை சுமக்கும் பெயர் அது.) ரிசர்வ் நிலத்தின் உரிமை அரசிடம். அவர்களுடைய பொதுப் பணம் அரசுக் கஜானாவில். அவர்களுடைய கவுன்சில் போடும் துணைவிதியை அமைச்சர் ரத்து செய்யலாம் என்ற விதி 2014 வரை இருந்தது. 1927-இல் இன்னொரு படி மேலே போனார்கள். நிலம் கேட்டு வழக்குப் போட அரசின் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதே குற்றம் என்றார்கள். அது நீங்க 1951 ஆனது. திருடியவனே 'போலீசுக்குப் போகக் கூடாது' என்று சட்டம் போட்ட கதை!

எதிர்த்தவர்களுக்கு என்ன நடந்தது? ஆறு தேசங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த தலைவர் டெஸ்காஹே 1923-இல் ஜெனிவாவுக்கே போய் சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அடுத்த ஆண்டே கனடா அரசு அவர்களுடைய பாரம்பரிய சபையைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, தன் சட்டப்படியான கவுன்சிலை உட்கார வைத்தது. 'இவர்களுக்கு ஆளத் தெரியாது' என்று இன்று சொல்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். ஆளத் தெரிந்ததுதான் அங்கே பிரச்சினையாக இருந்தது.

1982-இல் புதிய அரசியல் சாசனம் வந்தது. அதன் 35-ஆம் பிரிவு பூர்வகுடிகளின் உரிமைகளை அங்கீகரித்தது. 1995-இல் மத்திய அரசு, தன்னாட்சி என்பது அந்தப் பிரிவுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும் பிறப்புரிமை என்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. சாமி வரம் கொடுத்தாயிற்று. இனி பூசாரி?

அதே அறிக்கையில் மூன்று பட்டியல்கள் இருந்தன. பேசித் தீர்க்கலாம் என்று ஒன்று, பேசினாலும் அரசின் சட்டமே ஓங்கி நிற்கும் என்று ஒன்று, பேசவே கூடாது என்று ஒன்று. பட்டியல் போட்டது யார்? அரசு. ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் என்ன ஆகும்? பழைய இந்தியன் சட்டமே தொடரும். அதாவது, இழுத்தடித்தால் ஒரு தரப்புக்கு எந்த நஷ்டமும் இல்லை. அப்படிப்பட்ட பேரம் எப்படி முடியும் என்பதைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

பிறப்புரிமை என்றால் கூடவே பிறந்தது. அதற்கு லைசென்ஸ் எதற்கு? லைசென்ஸ் வேண்டுமென்றால் அது பிறப்புரிமை இல்லை, சலுகை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கனடாவில் 630-க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் உள்ளன. 1995-க்கு முன்பு வந்தவற்றையும் சேர்த்தால்கூட, தன்னாட்சி ஒப்பந்தங்கள் இரண்டு டஜன் சொச்சம்தான். நில உரிமைப் பேச்சுவார்த்தைக்கான வக்கீல் செலவுக்குப் பல சமூகங்கள் அந்த அரசிடமே கடன் வாங்க வேண்டியிருந்தது. 2019 பட்ஜெட்டில்தான் அந்தக் கடன்களுக்கு விடிவு பிறந்தது.

"நாடு துண்டு துண்டாகிவிடும்" என்பது முதல் பயம். நிஸ்கா மக்களைப் பாருங்கள். 1887-இல் அவர்களுடைய தலைவர்கள் படகேறி விக்டோரியாவுக்குப் போய் நிலமும் தன்னாட்சியும் கேட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2000-ஆம் ஆண்டு மே மாதம். 113 வருடம்! அதன்பின் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. நாஸ் பள்ளத்தாக்கில் நிஸ்கா அரசு நடக்கிறது, கனடாவின் குற்றவியல் சட்டமும் அங்கே செல்கிறது. எந்தத் துண்டு உடைந்தது? மாகாணங்களுக்கு அதிகாரம் பிரித்துக் கொடுத்து வாழும் நாட்டுக்கு இன்னொரு அடுக்கு என்ன பெரிய பாரமா?

"அவர்களுக்குப் பொருளாதாரத் திறமை இல்லை" என்பது இரண்டாவது. ரிசர்வ் நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க சாதாரணமாக வழி கிடையாது, சட்டமே தடுக்கிறது. 1996 முதல் 2016 வரை அவர்களுடைய சேவைகளுக்கான நிதி வளர்ச்சிக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஜனத்தொகையும் விலைவாசியும் அந்த வரம்பைக் கேட்டு நிற்குமா? முதலைக் கட்டிப்போட்டுவிட்டு லாபம் எங்கே என்று கேட்பது எந்த ஊர்க் கணக்கு?

இந்தக் கணக்கில் கடைசியாக அடிபடுவது குழந்தைகள். 2021 கணக்கெடுப்பின்படி, கனடாவில் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் 8 சதவீதம்கூட இல்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்பு இல்லங்களில் இருப்பவர்களில் பாதிக்கும் மேல் அவர்கள். உண்டு உறைவிடப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகும் பிள்ளையைத் தூக்கிப் போகும் கார் மட்டும் நிற்கவில்லை.

இங்கேதான் ஒரு வழியும் தெரிகிறது. 2019-இல் குழந்தைகள் நலத்துக்காக ஒரு சட்டம் நிறைவேறியது. ஒரு சமூகம் தன் சட்டத்துக்காகப் பேச்சுவார்த்தை கேட்கலாம். நியாயமான முயற்சி செய்தும் 12 மாதத்தில் ஒப்பந்தம் வராவிட்டால், அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசுச் சட்டத்தின் பலம் கிடைத்துவிடும். இழுத்தடிப்பவருக்கு இனி லாபமில்லை! கியூபெக் இதை எதிர்த்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இந்தச் சட்டம் செல்லும் என்றது.

குழந்தைகளுக்குச் செல்லும் விதி, கல்விக்கும் மொழிக்கும் நிலத்துக்கும் ஏன் செல்லாது? அந்த 12 மாதக் கெடுவை எல்லாத் துறைகளுக்கும் விரிக்கட்டும். ஒரு உரிமை செல்லாது என்று நினைத்தால், அதை நிரூபிக்கும் வேலை அரசுடையதாகட்டும்.

வரம் கொடுத்து நாற்பது வருடத்துக்கும் மேலாகிறது. பூசாரி வழிவிட வேண்டிய நேரம் இது.