குதிரையா... கோவேறு கழுதையா?

போன வாரம் எங்க இங்கிலீஷ் மேடம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ப்ரொஜெக்டரில் ஒரு ஓவியத்தைப் போட்டு, ‘‘கருத்து சொல்லாதீங்க. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க’’ என்றார்.

‘‘குதிரை முன்னங்காலைத் தூக்கி நிக்குது மேடம்!’’

‘‘அங்கி காத்துல பறக்குது!’’

‘‘கை மலை உச்சியைக் காட்டுது!’’

‘‘பாறையில பேர் செதுக்கியிருக்கு!’’

படத்தில் இருப்பவர் நெப்போலியன். 1800-ல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்ததை, 1801-ல் ழாக் லூயி டேவிட் வரைந்தது. கை, அங்கி, குதிரை எல்லாமே ஒரே திசையில் மேலே ஏறுது. நம்ம பாஷையில் சொன்னால், வெக்டர் கூட்டல்! பாறையில் ஹானிபல், சார்லமேன் பேரோடு இவர் பேரும். ‘நானும் அந்த வரிசைதான்’னு வாயைத் திறக்காமலே சொல்லியாச்சு.

அடுத்து இன்னொரு படம். அரை நூற்றாண்டு கழித்து போல் டெலரோஷ் வரைந்தது. அதே மலை, அதே ஆள். ஆனா ஏறி வந்திருப்பது கோவேறு கழுதை. வழிகாட்டி ஒருத்தர் இழுத்துட்டுப் போறார். நிஜத்தில் நடந்தது இதுதான்!

‘‘அப்ப இது உண்மை, அது பொய்... சரியா?’’ன்னு கேட்டார் மேடம். தலையாட்டினோம். ‘‘அந்தச் சோர்ந்த முகத்தை டெலரோஷ் நேர்ல பார்த்தாரா? அவரும் உங்களை ஏதோ நம்ப வைக்கிறார். யாருக்காக வரைஞ்சது, எதை விட்டுட்டாங்கன்னு ரெண்டு படத்துக்கும் கேளுங்க.’’ க்ளாஸ் கப்சிப்!

ஹாஸ்டலுக்கு வந்ததும் எங்க காலேஜ் பிராஸ்பெக்டஸைப் புரட்டினேன். மூணாம் பக்கத்தில், பளபள ஆசிலோஸ்கோப் முன்னாடி சிரிச்சுட்டு நிக்கிறது... சாட்சாத் நானேதான்! ஃபோட்டோ எடுத்த அன்னிக்குத்தான் அந்த லேப் பூட்டைத் திறந்தாங்க. அப்புறம் அந்த மெஷினை நான் தொட்டதே இல்லை.

அன்னிக்கு ராத்திரியே மாமா போன். ‘‘லேப் எல்லாம் சூப்பரா இருக்கே மாப்ளே! உன் தம்பியையும் அங்கேயே சேர்த்துடவா? நிலத்தை வித்தாவது கட்டிடறேன்.’’

தொண்டை அடைச்சிடுச்சு. ‘‘அவசரப்படாதீங்க மாமா. சாதாரண வேலை நாள்ல ஒரு நடை வாங்க. செகண்ட் இயர் பசங்ககிட்ட, எந்த மெஷினைக் கையால தொட்டீங்கன்னு கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.’’

‘‘அப்ப ஃபோட்டோவில இருக்கிறது?’’

‘‘அது குதிரை மாமா!’’

உங்க பிராஸ்பெக்டஸை எடுங்க பாஸ். உங்க கழுதை எங்கே இருக்குன்னு தேடுங்க!