போனா, றீடரா? அம்மாவின் சீனியைப் பார்க்கும் இரண்டு திரைகள்

கடந்த ஐப்பசியில் ஒருநாள் நள்ளிரவு இரண்டு மணி பத்துக்கு என் தொலைபேசி அடித்தது. ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி. அங்கே அப்போது பின்னேரம் நாலே முக்கால் மணியளவு. "அண்ணா, அம்மாவுக்கு 3.2 எண்டு காட்டுது. கெதியா எழுப்பிப் பாருங்கோ" என்றாள். அரைத் தூக்கத்தில் பதினெட்டால் பெருக்கினேன். 58. ஓடிப்போய் அம்மாவை எழுப்பினால், "ஏன்ரா இந்தச் சாமத்தில?" என்று ஏசினா. விரலில் குத்திப் பார்த்தோம். 104. அம்மா சென்சர் ஒட்டியிருந்த கைப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்திருக்கிறா. தோல் அழுத்தப்பட்டால் அந்த இடத்தில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு அடுத்த கிழமை கந்தசஷ்டி. வேண்டாம் என்று சொல்லியும் அம்மா விரதம் இருந்தா. நாலாம் நாள் மத்தியானம் குசினி வாசலில் வியர்த்துப்போய் இருந்தவவை மனைவிதான் கண்டா. இந்த முறை உண்மையாகவே சீனி இறங்கியிருந்தது. ஆனால் எந்தப் போனும் அடிக்கவில்லை. அம்மாவின் கைத்தொலைபேசியை என் மகன் விளையாடுவதற்காகப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். டேற்றாவும் அன்று காலையே முடிந்திருந்தது. ஸ்காபரோவில் தங்கச்சி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த இரண்டு சம்பவங்களும் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பொருட்களில் இப்போது இந்த வட்ட வில்லையும் சேர்ந்துவிட்டது. திருமண வீடுகளில், கிளினிக் வரிசைகளில், மேற்கையின் பின்புறத்தில் இதை ஒட்டியிருக்கும் ஆட்களை நான் பார்க்கிறேன். வில்லை வந்துவிட்டது, ஆனால் அதை எந்தத் திரையில் பார்ப்பது என்பதை எவரும் யோசித்து அனுப்புவதில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. அபொட் நிறுவனத்தின் 'பிறீஸ்டைல் லிப்ரே' 2014இல் ஐரோப்பாவில் அறிமுகமானது. மயிரிழை போன்ற ஓர் இழை தோலுக்குக் கீழே இருந்து, இரத்தத்தில் அல்ல, கலங்களைச் சுற்றியுள்ள திரவத்தில் குளுக்கோசை அளக்கிறது. அதனால் விரலில் குத்திப் பார்க்கும் அளவுக்குச் சில நிமிடங்கள் பின்னால்தான் இது ஓடும். ஒரு சென்சர் 14 நாட்கள், புதிய வகை ஒன்று 15 நாட்கள். ஆண்டு முழுவதும் ஒட்டுவதென்றால் 26 அளவில் வேண்டும். ஒன்ராறியோவில் 2019 முதல் மாகாண மருந்துத் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. பிரித்தானியாவில் முதலாம் வகை நீரிழிவு உள்ள வளர்ந்தோர் அனைவருக்கும் இவ்வகைக் கருவியை வழங்க வேண்டும் என 2022இல் வழிகாட்டல் வந்தது. இங்கே இன்சுலினும் குளிசையும் அரச வைத்தியசாலையில் இலவசம். சென்சர் மட்டும் உறவுகளின் பெட்டியில் வருகிறது.

அந்த வில்லைக்குத் திரை இல்லை. எண்ணைப் பார்க்க ஒன்றில் போன் வேண்டும், அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட றீடர் என்ற சின்னக் கருவி வேண்டும். பிள்ளைகள் அனேகமாகப் போனையே தெரிவு செய்கிறார்கள். காரணம் விளங்குகிறது. றீடருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், போன் என்றால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அம்மாவின் சீனியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நேர வித்தியாசம் இந்த விடயத்தில் எங்களுக்குச் சாதகமானது. இங்கே தாய் உறங்கும் நேரத்தில் அங்கே பிள்ளை விழித்திருக்கிறது. தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த வடமராட்சியிலும் தீவகத்திலும் அப்படி ஒரு கண் இருப்பது பெரிய விடயம்.

ஆனால் அந்தக் கண் திறந்திருக்க எத்தனை விடயங்கள் ஒன்றாக ஒத்துழைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். போனில் என்.எப்.சி வசதி இருக்க வேண்டும். மலிவான அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் அது இல்லை. புளூடூத் இயங்க வேண்டும். லிப்ரே 2 என்றால் போன் ஆறு மீற்றருக்குள் இருக்க வேண்டும், எங்கள் வீடுகளில் சாமியறைக்கும் கிணற்றடிக்கும் இடையில் அதைவிடத் தூரம். பற்றரியை மிச்சம்பிடிக்கிறேன் என்று போன் தானாகவே அந்த அப்பை மூடிவிடக்கூடாது. வெளிநாட்டுக்குத் தகவல் போக டேற்றா இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் எச்சரிக்கை ஒலி வராது, வரவில்லை என்பதும் தெரியவராது.

இது எங்கள் ஊரின் குறை மட்டும் அல்ல. 2025 பெப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதையே பொது எச்சரிக்கையாக வெளியிட்டது. போனின் அமைப்புகள், மென்பொருள் புதுப்பிப்பு, புதிதாக இணைத்த புளூடூத் ஒலிக்கருவி போன்றவற்றால் நீரிழிவுக் கருவிகளின் அவசர ஒலிகள் கேட்காமல் போகின்றன என்று அது சொன்னது. 2019 நவம்பர் இறுதியில் டெக்ஸ்கொம் என்ற மற்ற நிறுவனத்தின் சேர்வர் செயலிழந்தபோது, பிள்ளைகளின் அளவைத் தங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு எச்சரிக்கைகள் போகவில்லை. சேவை நின்றுவிட்டது என்ற அறிவித்தலும் அவர்களுக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு இன்னொரு பழைய பயமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் குடாநாட்டுக்கு வரக்கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் குளுக்கோமீற்றர் ஒன்று கையில் கிடைத்திருந்தாலும் அதற்குப் போட பற்றரி கிடைத்திருக்காது. இன்சுலின் குப்பியை ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குளிரவைத்த வீடுகளை எனக்குத் தெரியும். 2006 ஓகஸ்ட் 11இல் ஏ9 வீதி முகமாலையில் மூடப்பட்டபோது மருந்துக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் சமூக ஊடகங்களை அரசாங்கம் ஒரே நாளில் முடக்கியது. நீரிழிவு அப் அன்று முடங்கவில்லை என்பது சரி. ஆனால் இணைப்பு என்பது வேறொருவரின் கையில் உள்ள ஆளி என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்ல.

போர் முடிந்த பிறகும் மின்சாரம் எங்களை விட்டுவிட்டுத்தான் வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி முழு இலங்கையும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் சேர்ந்தே போயின. அப்படியான நாட்களில் போனின் பற்றரியை உறவினரோடு பேசுவதற்கா, ரோச் லைற்றுக்கா, சீனி பார்ப்பதற்கா வைத்திருப்பது?

றீடர் இந்த இடத்தில்தான் வெல்கிறது. அதற்குச் சிம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒருமுறை சார்ஜ் செய்தால் சில நாட்கள் நிற்கும். 90 நாட்களின் அளவுகளைத் தனக்குள் வைத்திருக்கும். பேரப்பிள்ளைக்கு அதில் விளையாட ஒன்றுமில்லை, இதைவிடப் பெரிய நன்மை எங்கள் வீட்டில் வேறில்லை.

இருந்தாலும் றீடரைக் கும்பிட வேண்டியதில்லை. 2023இல் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான லிப்ரே றீடர்கள் பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது: உடன் தந்த வயரும் அடப்டரும் அல்லாமல் வேறு எதிலாவது சார்ஜ் செய்தால் பற்றரி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று. கைக்கு அகப்பட்ட சார்ஜரில் எல்லாவற்றையும் குத்தும் ஊர் எங்களுடையது. கரண்ட் ஏறி இறங்குவதும் வழமை. டெக்ஸ்கொம்மின் றிசீவர்கள் ஒலிபெருக்கிக் கோளாறுக்காக 2016இலும் 2025இலும் மீளப்பெறப்பட்டன. தனிக் கருவியும் ஊமையாகலாம்.

இன்னொன்று அலகு. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் றீடர் மில்லிமோல் கணக்கில் எண் காட்டும், அதை மாற்ற முடியாது. எங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுவது மில்லிகிராம் கணக்கு. எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா றீடரில் 3.4 என்று கண்டுவிட்டு, "இது பழுதாப் போச்சு" என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டா. நூறு, இருநூறு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3.4 பிழையான எண்ணாகவே தெரியும். அது 61. உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டிய அளவு. அந்த அம்மாவுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, அது அவவின் நல்ல காலம். றீடர் அனுப்பும் பிள்ளைகள் அதன் முதுகில் ஒரு துண்டு ஒட்டி, 4க்குக் கீழே என்றால் இனிப்பு, 15க்கு மேலே என்றால் வைத்தியர் என்று தமிழில் எழுதிவிடுங்கள். சரியான எல்லைகளை உங்கள் வைத்தியரிடம் கேட்டு எழுதுவது நல்லது. அதோடு ஒரு நாட்டில் வாங்கிய சென்சர் இன்னொரு நாட்டு றீடரோடோ அப்போடோ பொருந்தாமல் போகலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். கப்பல் பெட்டியில் போட்டு மாதக்கணக்கில் வெயிலில் வேகவிடாதீர்கள்.

போன்தான் தேவை என்று நான் அடித்துச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். போரில் கண்ணை இழந்தவர்களுக்கு றீடர் வெறும் கண்ணாடித் துண்டு, அது பேசாது. போன் எண்ணை வாசித்துச் சொல்லும். ஒரு கையை இழந்தவர் மறு கையின் விரலில் தானே குத்தி, இரத்தத்தைக் கீற்றில் தொட்டுவைப்பது எவ்வளவு சிரமம் என்பதை அவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். அவர்களுக்குச் சென்சரே ஒரு விடுதலை, போனோ றீடரோ எதுவானாலும். காலை இழந்தவர்களுக்கு மற்றக் காலையும் நீரிழிவுப் புண்ணுக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். முன்னாள் போராளிகளும் எறிகணையில் காயப்பட்டவர்களும் ஐம்பதுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் காலம் இது, சலரோகம் வரும் வயதும் அதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் புலம்பெயர் அமைப்புகள் சில்லு நாற்காலியோடு இதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

இலங்கையில் 2005-06 ஆய்வொன்று வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கு மேல். இத்தனை பேருக்கும் சென்சர் ஒட்டுவது நடக்கிற காரியமல்ல, தேவையும் இல்லை. மெற்போமின் மட்டும் போடுபவருக்கு இது அனேகமாக ஆடம்பரம். முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைகள், இன்சுலின் ஏற்றுபவர்கள், கிளிக்கிளசைட் போன்ற குளிசையோடு விரதமும் பிடிக்கும் முதியவர்கள், இவர்கள்தான் முன்வரிசை. பணம் அனுப்புபவர்கள் கொஞ்சம் யோசித்தால், ஒருவருக்கு 26 சென்சர் வாங்கும் காசில் எத்தனை பேருக்குச் சாதாரண குளுக்கோமீற்றரும் கீற்றும் கொடுக்கலாம் என்ற கணக்கும் வரும்.

எங்கள் வீட்டில் இப்போது றீடர்தான். தங்கச்சி மார்கழியில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள், வயரோடும் அடப்டரோடும். லிப்ரே 2 என்பதால் புதிய சென்சரை முதலில் றீடரால் தொடக்கி, பிறகு போனாலும் தொடுகிறோம். ஒழுங்கை மாற்றிப் போனில் தொடங்கினால் றீடர் அந்தச் சென்சரை ஏற்காது. லிப்ரே 3இல் இந்த வசதியும் இல்லை, ஏதாவது ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும். விரலில் குத்தும் பழைய மெசின் மேசை இலாச்சியில் இருக்கிறது, கீற்றுகளின் காலாவதித் திகதியை மாதத்துக்கு ஒருதடவை நான் பார்க்கிறேன். சென்சர் தனக்குள் எட்டு மணிநேர அளவுகளை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், அம்மா இரவு ஒன்பதுக்கும் விடிய ஐந்துக்கும் றீடரைக் கையில் தொடுகிறா. தங்கச்சிக்குத்தான் குறை. "முந்தி நான் நினைச்ச நேரம் பார்ப்பன், இப்ப உங்களிட்டைக் கேக்க வேண்டிக் கிடக்கு" என்கிறாள். அதற்கு அம்மா சொன்ன பதில்: "கேளன் பிள்ளை. முந்தி நீ சீனியைப் பாத்திட்டுப் போனை வச்சிடுவாய், இப்ப என்னோட கதைக்கிறாய்."